'பிக் அப்': எடு, பிடி, தூக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக மாலை நேரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், மெடிக்கல் ரெப்புகள், கல்லூரி முடித்து இன்டர்வியூவுக்கு அலைகிற பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். எந்த பேட்ச் ஆனாலும் 'பிக் அப்' வருகிற அன்று வகுப்பு நேரத்துக்கு முடியாது. ஏனென்றால் இந்தச் சொல் எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது. 'ஆறு மணிக்கு பிக்கப் பண்ணிக்கோ', 'வண்டியில பிக்கப் இல்ல', 'படம் பிக்கப் ஆயிடுச்சு' என்று தமிழில் சரளமாகச் சொல்பவர்கள், அதையே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். அவைதான் இவை. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: 'பிக் அப்' என்றால் என்ன? ஒரே வார்த்தையில் சொல்ல முடியுமா?

ஒரு வார்த்தையில் முடியாது, மூன்றில் முடியும். எடு, பிடி, தூக்கு.

கீழே கிடக்கும் ஒன்றைக் குனிந்து கையில் எடுப்பதுதான் அடிப்படை அர்த்தம். 'பிக் அப் தட் பேப்பர்' என்றால் அந்தக் காகிதத்தை எடு. இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அகராதியைப் பிரித்து, எண் போட்டு அடுக்கியிருக்கும் மற்ற அர்த்தங்களைப் பார்க்கும்போதுதான் மலைப்பு வருகிறது. மலைக்க வேண்டியதில்லை. நாம் தமிழில் எப்படிப் பேசுகிறோம் என்று கொஞ்சம் கவனியுங்கள். போனை எடுக்கிறோம். மலைப்பக்கம் போனால் டவர் எடுப்பதில்லை. பைபாஸ் ஏறியதும் பஸ் வேகம் எடுக்கிறது. பவுலர் விக்கெட் எடுக்கிறார். மழையில் நனைந்தால் சளி பிடிக்கிறது. ஆடியில் மந்தமாக இருந்த வியாபாரம் தீபாவளி நெருங்கும்போது சூடு பிடிக்கிறது. பாட்டு கிளாஸுக்கே போகாத குழந்தை அக்கா பாடுவதைக் கேட்டுப் பாட்டைப் பிடித்துக்கொள்கிறது. போலீஸ் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இத்தனை இடங்களிலும் ஆங்கிலத்தில் 'பிக் அப்' போடலாம். அதாவது, ஒரு சாதாரணச் சொல்லை இத்தனை வேலைக்கு அனுப்புவது நமக்கும் பழக்கம்தான். நமக்கு அதைச் செய்ய மூன்று ஆட்கள், ஆங்கிலத்துக்கு ஒரே ஆள்.

கேள்வி: 'பிக்' என்று மட்டும் சொன்னால் போதாதா? 'அப்' எதற்கு?

பறிப்பதும் தேர்ந்தெடுப்பதும் 'பிக்'. கிடப்பதை எடுப்பது 'பிக் அப்'. இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் பூ. மல்லிகையைச் செடியிலிருந்து பறிக்கிறோம், அது 'பிக்'. பவழமல்லியை யாரும் பறிப்பதில்லை. ராத்திரி பூத்து, விடியும்போது தானே உதிர்ந்து கிடக்கும், பொறுக்கிக்கொள்கிறோம். அது 'பிக் அப்'. மேஜிக் செய்பவர் சீட்டுக்கட்டை விரித்து 'பிக் எ கார்ட்' என்றால், ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார். அந்தச் சீட்டு கை தவறிக் கீழே விழுந்துவிட்டால் 'பிக் அப் த கார்ட்' என்பார்.

வினைக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு குட்டிச் சொல் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் நம் துணைவினைகளை நினைத்துப் பாருங்கள். 'எடு' வேறு, 'எடுத்துக்கொள்' வேறு, 'எடுத்துவிடு' வேறு, 'எடுத்துப் போடு' வேறு. தமிழ் படிக்கிற வெளிநாட்டுக்காரர் இதே சலிப்போடுதான் உட்கார்ந்திருப்பார். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, இந்தச் சேர்க்கை வெளிநாட்டவருக்குப் பெரிய சிரமம் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆக, உங்கள் சிரமத்துக்கு 250 வருடத்துக்கு மேல் வயதாகிறது.

இந்த வகைச் சொற்களுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் வந்தது ரொம்பப் பிற்பாடு. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தன் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். யோசனை தன்னுடையது அல்ல, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்னது என்றும் ஒப்புக்கொண்டார். இந்த 1925 என்ற வருடத்தை ஞாபகத்தில் வையுங்கள், இன்னொரு கேள்வியில் மறுபடி வரும்.

கேள்வி: 'ஐ வில் பிக் அப் யூ' என்பது சரியா, 'ஐ வில் பிக் யூ அப்' என்பது சரியா?

இரண்டாவதுதான் சரி. முதலாவது தப்பு, இதில் பேரம் இல்லை. நம் ஊரில் மிக அதிகமாகக் காதில் விழும் பிழையும் இதுதான்.

மி, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம். இந்தச் சின்னச் சொற்களில் எது வந்தாலும் 'பிக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். 'பிக் மி அப்', 'பிக் இட் அப்', 'பிக் தெம் அப்'. ஆளின் பெயரோ பொருளின் பெயரோ வந்தால் உங்கள் இஷ்டம். 'பிக் அப் த கிட்ஸ்' என்றாலும் சரி, 'பிக் த கிட்ஸ் அப்' என்றாலும் சரி. ஆனால் அந்தப் பெயர் நீண்டுகொண்டே போனால் நடுவில் வைக்காதீர்கள். 'நேற்று கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த அந்த நீல நிறப் பை' என்பதை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு 'அப்' சொன்னால், கேட்பவருக்கு அதற்குள் 'பிக்' மறந்துபோயிருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்காத பேட்ச் இல்லை. ஆங்கில வாக்கியத்தில் புதுச் செய்தி கடைசியில் வந்து அழுத்தம் வாங்கிக்கொள்ளும். 'யூ', 'இட்' எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. அழுத்தம் இல்லாத அவற்றைக் கடைசி இடத்தில் நிறுத்தினால் வாக்கியம் தொங்குவது போல இருக்கும். அதனால் அவற்றை உள்ளே தள்ளிவிட்டு, 'அப்' வெளியே நின்று அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. காரணம் மறந்தாலும் பரவாயில்லை. 'பிக்கிடப்', 'பிக்மியப்', 'பிக்யூவப்' என்று ஒரே மூச்சில் பத்து முறை சொல்லிப் பாருங்கள். நாக்குக்குப் பழகிவிட்டால் விதி தேவைப்படாது.

கேள்வி: போன் எடுக்காதவரைப் பற்றி 'ஹி இஸ் நாட் பிக்கிங் அப் மை கால்' என்று சொல்லலாமா?

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்கரிடமோ பிரிட்டிஷ்காரரிடமோ பேசும்போது 'கால்' என்பதை வெட்டிவிடுங்கள். 'ஹி இஸ் நாட் பிக்கிங் அப்'. அவ்வளவுதான், வாக்கியம் முடிந்தது. என்ன எடுக்கவில்லை என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால் 'பிக் அப் த போன்', இல்லையென்றால் 'ஆன்சர் மை கால்'. 'லிஃப்ட் த போன்' என்பதை அறவே விட்டுவிடலாம். அதைக் கேட்டால் கனமான ஏதோ ஒன்றைத் தூக்குவது போலத் தோன்றும்.

எனக்குப் பிடித்த விஷயம் இங்கே ஒன்று உண்டு. நாமும் போனை 'எடு' என்கிறோம். ஆக, தொடக்கம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். பேசி முடித்ததும் ஆங்கிலேயர் 'ஹேங் அப்' என்கிறார், நாம் 'வை' என்கிறோம். அந்தக் காலத்துச் சுவர் போனில் காதில் வைக்கும் குழாயை ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும், அதனால் 'ஹேங்'. நம் வீடுகளுக்கு வந்தது மேஜை போன். ஸ்டூலின் மேல் துணி விரித்து உட்கார்ந்திருக்கும், ரிசீவரை அதன் தலையில் வைத்தால் கால் துண்டிக்கப்படும். இன்றைக்குக் கொக்கியும் இல்லை, ஸ்டூலும் இல்லை, கண்ணாடியில் விரலைத் தள்ளுகிறோம். ஆனாலும் அவர்கள் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: டாக்ஸி, ஏர்போர்ட், ஸ்கூல் வேன் விஷயத்தில் 'பிக் அப்' எப்படி வரும்?

'பிக்கப் பாயிண்ட் எங்க சார்?' என்று ஓட்டுநர் கேட்பது ஆங்கிலத்திலும் அப்படியே செல்லும். ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்வது 'பிக் அப்', இறக்கிவிடுவது 'டிராப் ஆஃப்'. 'ஆஃப்' இல்லாமல் 'டிராப் மி அட் த ஸ்டேஷன்' என்றும் சொல்வார்கள், தப்பில்லை.

விருந்தாளியை அழைத்து வர ஏர்போர்ட்டுக்குப் போவதை நாம் 'ரிசீவ்' பண்ணப் போவதாகச் சொல்கிறோம். 'ஐ ஆம் கோயிங் டு ரிசீவ் மை அங்கிள்' என்றால் மாமா பார்சலில் வருவது போலக் கேட்கும். 'ஐ ஆம் கோயிங் டு பிக் அப் மை அங்கிள்' என்பது இயல்பு. வண்டி இல்லாமல் நேரில் போய் வரவேற்க மட்டும் போகிறீர்களா? அப்போது 'மீட்' போதும்.

ஆளுக்கு மட்டுமில்லை, பொருளுக்கும் உண்டு. 'கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?' என்று மேலாளர் தன் மனைவியிடம் போனில் சொன்னதைக் கேட்ட என் மாணவர் ஒருவர், வழியில் பால் பாக்கெட் கீழே கிடக்குமா என்று யோசித்தாராம். அது 'வருகிற வழியில் பால் வாங்கிட்டு வா' என்பது. வேறு வேலையாகப் போகும்போது போகிற போக்கில் வாங்குவதற்கு 'பிக் அப்' பொருத்தம். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வரை போய், நாள் முழுக்க உட்கார்ந்து, நூறு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு 'ஐ பிக்ட் அப் எ சாரி' என்று சொன்னால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். அது அவ்வளவு அலட்சியமான சொல்.

கேள்வி: 'லேர்ன்' என்பதற்குப் பதில் 'பிக் அப்' போடலாமா?

எல்லா இடத்திலும் கூடாது. 'லேர்ன்' என்றால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. 'பிக் அப்' என்றால் காதில் விழுந்து, கண்ணில் பட்டு, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. 'ஐ பிக்ட் அப் ஹிந்தி இன் மும்பை' என்றால் யாரும் பாடம் எடுக்கவில்லை, தாராவியிலோ மாதுங்காவிலோ குடியிருந்தபோது கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் பேசிப் பேசி வந்தது என்று அர்த்தம். பாராட்டாகவும் வரும். 'ஷி பிக்ஸ் திங்ஸ் அப் குவிக்லி' என்றால் கற்பூர புத்தி.

இன்டர்வியூவில் மட்டும் ஜாக்கிரதை. 'ஐ பிக்ட் அப் ஜாவா' என்றால், எங்கேயோ கொஞ்சம் பார்த்துக்கொண்டேன் என்ற தொனி வந்துவிடும். ஆறு மாதம் கோர்ஸ் படித்தவர் ஏன் தன்னைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்? அங்கே 'லேர்ன்ட்' போடுங்கள்.

கெட்ட பழக்கமும் இப்படித்தான் ஒட்டும். 'ஹி பிக்ட் அப் சம் பேட் ஹேபிட்ஸ் இன் த ஹாஸ்டல்'. நோயும் அப்படியே. 'ஐ பிக்ட் அப் எ கோல்ட்', 'ஐ பிக்ட் அப் ஆன் இன்ஃபெக்‌ஷன் இன் த ஹாஸ்பிட்டல்'. தமிழோடு இங்கே ஒரு வித்தியாசம். நம்மிடம் சளிதான் ஆளைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஆள் போய் சளியை எடுத்துக்கொண்டு வருகிறார். வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து இருமும் பையனின் அம்மாவைக் கேட்டால் ஆங்கிலம்தான் சரி என்பார்.

கேள்வி: 'வண்டியில பிக்கப் இல்ல' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'த பைக் ஹேஸ் நோ பிக்கப்' என்றால் இந்தியாவில் எந்த மெக்கானிக்கும் தலையாட்டுவார். இது நாம் கண்டுபிடித்த பயன்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வண்டி சட்டென்று வேகம் கூடும் திறனுக்கு 'பிக்கப்' என்ற பெயர் அமெரிக்க அகராதிகளிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இப்போது பேச்சில் அதிகம் வருவது 'ஆக்சிலரேஷன்'. அதனால் வெளியூர்க்காரரிடம் 'த ஆக்சிலரேஷன் இஸ் புவர்' என்று சொன்னால் பாதுகாப்பு. நம் மெக்கானிக்கிடம் 'பிக்கப்' என்றே சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று அவர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வினையாக வரும் 'பிக் அப் ஸ்பீட்' உலகம் முழுக்கச் செல்லும். 'த டிரெயின் பிக்ட் அப் ஸ்பீட் ஆஃப்டர் அரக்கோணம்'. ரயில் வேகம் எடுத்தது.

கேள்வி: சாமான் ஏற்றும் வண்டிக்கு ஏன் 'பிக்கப்' என்று பெயர்?

போகிற இடத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டு வருவதால். முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி. அந்த 1925 மறுபடி வருகிறது, பாருங்கள். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியில் பின்புறத் தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, பெயரிலேயே 'பிக்கப் பாடி' என்று போட்டு விற்க ஆரம்பித்தது அந்த வருடம் ஏப்ரலில். விலை 281 டாலர். அதற்கு முன்பு வண்டியை வாங்கிக்கொண்டு போய், தொட்டியைத் தனியாகச் செய்து மாட்டிக்கொள்வார்கள். இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரும், ரோட்டில் ஃபோர்டின் பிக்கப்பும் ஒரே வருடத்தில் வந்தது வெறும் தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது, ஒவ்வொரு பேட்சிலும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் சந்தைகளில் வாழைத்தாரும் தக்காளிக் கூடையும் ஏற்றி வருவது பெரும்பாலும் மஹிந்திராவின் பொலிரோ பிக்கப். பின்னால் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எழுத்துக்கூட்டல் கற்றுக்கொள்ளாதீர்கள். அந்த நிறுவனம் வண்டியின் பெயருக்காக 'பிக்'கின் நடுவில் ஒரு 'சி' எழுத்தை எடுத்துவிட்டது. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.

கேள்வி: 'படம் பிக்கப் ஆயிடுச்சு' என்பதை 'த ஃபிலிம் வாஸ் பிக்ட் அப்' என்று சொல்லலாமா?

கூடாது. தமிழில் 'ஆயிடுச்சு' வருவதால் ஆங்கிலத்திலும் 'வாஸ்' போட வேண்டும் என்று தோன்றும். 'வாஸ்' போட்டால், படத்தை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனதாக ஆகிவிடும். உண்மையிலேயே விநியோகஸ்தர் ஒருவர் படத்தை வாங்கிக்கொண்டால் அப்படிச் சொல்வார்கள். முதல் நாள் காற்று வாங்கிய தியேட்டர், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை நிறைந்தது என்றால் 'த ஃபிலிம் பிக்ட் அப் பை சண்டே'. முதல் பாதி இழுவை, இடைவேளைக்குப் பிறகு சுறுசுறுப்பு என்றால் 'இட் பிக்ஸ் அப் ஆஃப்டர் த இன்டர்வெல்'.

இங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை. அது தானே எழுகிறது. நம் 'சூடு பிடித்தது' இதற்குக் கச்சிதம். தேர்தல் பிரச்சாரம் சூடு பிடித்தது, விற்பனை சூடு பிடித்தது. 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்'. காற்றுக்கும் சொல்லலாம். 'த விண்ட் இஸ் பிக்கிங் அப்' என்றால் காற்று வலுக்கிறது, மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கிரிக்கெட் கமென்ட்ரியில் அடிக்கடி வருகிறதே?

மூன்று விதமாக வரும். பவுலர் விக்கெட் எடுப்பது முதலாவது. அஸ்வின் டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்தார், முரளிதரன் 800. 'ஹி பிக்ட் அப் ஃபைவ் விக்கெட்ஸ்' என்பது அந்தக் கணக்கில் ஒரு நாள். இரண்டாவது, ஃபீல்டர் ஓடிவந்து பந்தைத் தடுமாறாமல் எடுத்து எறிந்தால் 'குட் பிக் அப் அண்ட் த்ரோ'. மூன்றாவது, கால் பக்கம் வரும் பந்தை அப்படியே அள்ளி ஸ்கொயர் லெக்குக்கு மேல் அனுப்பும் 'பிக்கப் ஷாட்'.

இதோடு 'அப்' இல்லாத ஒன்றும் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ஹி குட் நாட் பிக் த தூஸ்ரா'. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனால் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது இதன் பொருள். முரளியை எதிர்த்து ஆடியவர்கள் பலரைப் பற்றி இதைக் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: 'ஐ பிக்ட் அப் எ கேர்ள்' என்று சொன்னதற்கு அலுவலகத்தில் சிரித்தார்கள். ஏன்?

முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, வேறு நோக்கத்தோடு கூட அழைத்துப் போவதற்கும் 'பிக் அப்'தான் சொல். நம் இளவட்டங்கள் 'பிக்கப் பண்ணிட்டான்டா' என்பது அங்கிருந்து வந்ததுதான். இதில் சிக்கலை உண்டாக்குவது 'எ' என்ற ஒற்றை எழுத்து. 'ஐ பிக்ட் அப் மை சிஸ்டர்', 'ஐ பிக்ட் அப் மை கொலீக்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யார் என்று தெரியாத 'எ கேர்ள்' வந்தவுடன் அர்த்தம் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆளின் பெயரையோ உறவையோ சொல்லிவிடுங்கள், தீர்ந்தது.

இதே போல 'த போலீஸ் பிக்ட் ஹிம் அப்' என்றால் நாம் சொல்லும் 'தூக்கிட்டாங்க'. முறைப்படி கைது செய்தார்களா, விசாரித்துவிட்டு அனுப்பினார்களா என்பது அதில் தெரியாது. கைதைத் திட்டமாகச் சொல்ல வேண்டுமானால் 'அரெஸ்ட்' என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: ரேடியோ, கிட்டார் சம்பந்தமாகவும் 'பிக்கப்' வருகிறதே?

ஆமாம். சமிக்ஞையைப் பிடிப்பது. 'மை போன் இஸ் நாட் பிக்கிங் அப் எ சிக்னல்', டவர் எடுக்கவில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலி எடுக்கிறதா என்று ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்களே, அதற்கும் இதுதான் வினை. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்ததன் பெயர் பிக்கப். கம்பியின் அதிர்வை அது மின்சாரமாகப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதம் வாசித்ததும் எலெக்ட்ரிக் மாண்டலினில்தான்.

கேள்வி: 'பிக் அப் த பில்' என்றால் பில்லைக் கையில் எடுப்பதா?

எடுப்பதோடு விட்டால் நண்பர்கள் விட மாட்டார்கள். பணம் கட்டுவது. 'ஐ வில் பிக் அப் த பில்', பில்லை நான் பார்த்துக்கிறேன். அமெரிக்கர் 'பிக் அப் த டேப்' என்பார்.

கேள்வி: பின்னால் இன்னொரு சொல் ஒட்டினால்?

அதிகம் வருவது மூன்று. 'பிக் அப் ஆன்' என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைக் கவனித்துவிடுவது. 'ஷி பிக்ட் அப் ஆன் ஹிஸ் மூட்', முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். 'பிக் அப் ஆஃப்டர்' என்றால் இன்னொருவர் போட்டுவிட்டுப் போனதைப் பின்னாலேயே போய் எடுத்து வைப்பது. அம்மாக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 'பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

'பிக்-மீ-அப்' என்று ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. சோர்ந்திருக்கும்போது தெம்பு தருவது, நமக்கு நாலு மணி ஃபில்டர் காபி. திராமிசு என்ற இத்தாலிய இனிப்பின் பெயருக்கும் 'என்னைத் தூக்கிவிடு' என்றுதான் பொருள்.

கேள்வி: உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

இறந்த காலத்தில் 'பிக்கெட் அப்' என்று சொல்லாதீர்கள். 'பிக்ட்', அதோடு 'அப்' சேர்ந்து 'பிக்-டப்'. அப்புறம் அழுத்தம். பெயர்ச்சொல்லாக, அதாவது வண்டியாகவோ கிட்டார் பாகமாகவோ வரும்போது 'பிக்' மேல் அழுத்தம். வினையாக வரும்போது 'அப்' மேல். எழுதும்போதும் வினை இரண்டு சொல், பெயர் ஒரே சொல். மெயிலில் 'ஐ வில் பிக்கப் யூ' என்று ஒட்டி எழுதினால் ஒரே வரியில் இரண்டு பிழை.

கேள்வி: 'பிக் ஆன்', 'பிக் அவுட்', 'பிக் அட்' எல்லாம் கிட்டத்தட்ட இதேதானா?

சம்பந்தமே இல்லை. 'பிக் அவுட்' என்றால் கூட்டத்தில் ஒன்றை அடையாளம் கண்டு எடுப்பது. 'பிக் அட்' என்றால் சாப்பாட்டைப் பிடிக்காமல் கொறிப்பது, தட்டில் விரலால் அளைவது. 'பிக் ஆன்' என்றால் ஒருவரையே குறிவைத்து வம்புக்கு இழுப்பது, சீண்டுவது.

என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனுக்குப் புது வேலை கிடைத்தது. முதல் நாள் அலுவலகக் கார் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் ராத்திரியே டிரைவருக்கும் மேலாளருக்கும் சேர்த்து ஒரு மெசேஜ் தட்டினான்: 'ப்ளீஸ் பிக் ஆன் மி அட் சிக்ஸ்'. காலை ஆறு மணிக்கு என்னை வம்புக்கு இழுங்கள் என்று. டிரைவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை, சரியாக ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தார். மேலாளர்தான் அந்த மெசேஜைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாராம். கேட்டபடி இன்னும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்.